தண்ணீருக்குக் காத்திருந்த ஊர்: ஹாவர்த் பயணக் குறிப்புகள்

வெள்ளி, இரவு

வட இங்கிலாந்தில், லீட்ஸிலிருந்து கீத்லி வரை வழக்கமான மின்ரயில்தான். கீத்லியில் இறங்கி, அதே நிலையத்தின் மறுபக்க நடைமேடைக்குப் போனால் நீராவி ரயில் நிற்கிறது. நிலக்கரிப் புகை வாசனை, வார்னிஷ் அடித்த மரப் பெட்டிகள், கையில் பச்சைக் கொடியோடு கார்டு. வொர்த் பள்ளத்தாக்கு வழியே போகும் இந்தத் தடத்தின் மொத்த நீளமே 8 கிலோமீட்டர். இங்க்ரோ, டேமெம்ஸ், ஓக்வொர்த் தாண்டினால் ஹாவர்த். ஜன்னல் வழியே கரும்பழுப்புக் கல்லில் கட்டிய ஆலைகளும் வரிசை வீடுகளும் வந்துகொண்டே இருந்தன.

லீட்ஸில் படிக்கும் அக்கா மகன் கூட வந்திருக்கிறான். "மாமா, இது கிராமம்னு சொன்னீங்க, வழி பூரா மில்லா இருக்கே?" என்றான். அவன் கண்ணில் முதலில் பட்டதுதான் இந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் உண்மை. விக்டோரியா காலத்து ஹாவர்த், காற்று ஊளையிடும் பொட்டல்வெளியில் உலகத்தை விட்டு ஒதுங்கிக் கிடந்த குக்கிராமம் அல்ல. கம்பளி நூலும் துணியும் செய்து விற்றுப் பிழைத்த தொழிலூர்.

ஹாவர்த் என்றால் உலகம் அறிந்தது பிரான்டே சகோதரிகளை. சார்லட், எமிலி, ஆன். ஊர்ப் பாதிரியாரின் மகள்கள். 1847ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் மூவருடைய நாவல்களும் வெளிவந்தன. கல்லூரிக் காலத்தில் அவற்றைப் படித்தவன் என்பதால் அந்த வீட்டைப் பார்க்கும் ஆசை எனக்கும் நிறையவே உண்டு. ஆனால் இந்தப் பயணத்துக்கு என்னைக் கிளப்பியது ஓர் அரசாங்க அறிக்கை. 1850இல் எழுதப்பட்டது. பொருள்: ஹாவர்த்தின் சாக்கடை, கழிப்பிடம், குடிதண்ணீர். அதைப் படித்த பிறகு நாவல்கள் எழுதப்பட்ட ஊர் எனக்கு வேறு ஊராகிவிட்டது.

நிலையம் பள்ளத்தில் இருக்கிறது, பழைய ஊர் மேட்டில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் மூச்சு வாங்கியது. தெருவில் பாவியிருக்கும் கற்களைக் குறுக்குவாட்டில், விளிம்பு மேலே தெரியும்படி நட்டிருக்கிறார்கள். வண்டியிழுக்கும் குதிரைகளின் குளம்பு வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு. இன்று அது எங்களுக்கும் உதவியது.

சனி

காலை முழுவதும் மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தோம். ஒரே தெரு, செங்குத்தாக ஏறுகிறது. இரண்டு பக்கமும் புகையில் கறுத்த கல் வீடுகள். தேநீர்க் கடை, புத்தகக் கடை, சோப்புக் கடை என்று எல்லாம் பயணிகளுக்கானவை. பல வீடுகளில் மாடி ஜன்னல்கள் அடுத்தடுத்து வரிசையாக, நடுவில் கல் தூண்கள் மட்டும் வைத்து நீளமாக அமைந்திருக்கின்றன. மாடியில் தறி இருந்த வீடுகள் அவை. நெசவுக்கு வெளிச்சம் வேண்டும்.

நெசவைவிட இந்த ஊரில் கொடியது கம்பளி சீவும் வேலை. வொர்ஸ்டெட் என்ற வழவழப்பான கம்பளித் துணிக்கு நீள இழைகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இரும்புப் பற்கள் கொண்ட கனமான சீப்பைச் சூடாக்கி, எண்ணெய் தடவிய கம்பளியை அதில் இழுத்து இழுத்துச் சீவுவார்கள். சீப்பு ஆறக் கூடாது. அதனால் அடுப்பு இரவும் பகலும் எரியும், சூடு வெளியேறாமல் இருக்க ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். வேலை செய்யும் அந்த அறையிலேயே குடும்பம் தூங்கும், குழந்தைகள் உட்பட. கரிப்புகையும் கம்பளித் தூசும் எண்ணெய் நாற்றமும் சேர்ந்த காற்றைத்தான் இந்தத் தெருவில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து சுவாசித்தார்கள். 1840களிலும் 50களிலும் சீவும் இயந்திரங்கள் தேறி வந்தபோது அந்த வேலையும் போனது. நெஞ்சைக் கெடுத்த தொழில், கடைசியில் வயிற்றிலும் அடித்தது.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். 1848இல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், லண்டனிலுள்ள சுகாதார வாரியம் ஓர் ஆய்வாளரை அனுப்ப வேண்டும். ஹாவர்த்திலிருந்து 1849 ஆகஸ்டில் மனு போனது. ஆய்வாளர் வந்தது 1850 ஏப்ரலில். பெயர் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் படிக்கும் சார்லஸ் பாபேஜின் மகன். பொறியாளர். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே பாலைவனங்களை அளந்து வரைபடம் போட்டவர். ஹாவர்த்தில் அவர் வீடு வீடாக நுழைந்து எண்ணினார்.

ஊர் முழுமைக்கும் 69 கழிப்பிடங்கள். ஓரிடத்தில் 24 வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று. இரண்டு கழிப்பிடங்கள் தெருவிலேயே, போகிறவர் வருகிறவர் கண் படும்படி இருந்தன. ஒவ்வொன்றையும் பன்னிரண்டு குடும்பங்கள் பயன்படுத்தின. மூன்றாவது ஒன்றின் மலக்குழி மெயின் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சிறிய கதவோடு திறந்தது. உள்ளே சேர்ந்த கழிவும் சாம்பலும் கனம் தாங்காமல் அவ்வப்போது அந்தக் கதவை உடைத்துக்கொண்டு தெருவில் கொட்டும். பாதாளச் சாக்கடை என்று ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கழிவு, பன்றிக் கொட்டில், இறைச்சிக்கடைக் கழிவு எல்லாம் தெருவோர வாய்க்காலில் ஓடியது. வீடுகளை ஒட்டிக் குப்பைமேடுகள். இன்று நாங்கள் பாலாடையும் ஜாமும் வைத்த ஸ்கோன் வாங்கித் தின்ற தெருதான் இது.

தண்ணீர்க் கதை அதைவிட வருத்தம். சில அடிபம்புகள், அவற்றிலும் வேலை செய்யாதவை உண்டு. சில கிணறுகள். மேட்டுப்பகுதி மக்களுக்கு ஹெட் வெல் என்ற ஊற்றுக்கிணறு. கோடையில் அதில் நீர் சுரப்பது குறைந்துவிடும். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பதால், ஏழைப் பெண்கள் இரவு 2 மணிக்கும் 3 மணிக்கும் வாளியோடு போய் வரிசையில் நிற்பார்களாம். சில சமயம் அந்தத் தண்ணீர் பச்சை பிடித்து அழுகி, மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று பாபேஜ் எழுதுகிறார். மழைக்குக் குறைவில்லாத யார்க்ஷயரில் இது நடந்தது என்பதை யோசிக்க வேண்டும். வானம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. அதைத் தேக்கிக் குழாயில் கொண்டுவரப் பணம் செலவழிக்க ஆள் இல்லை.

அறிக்கையின் நெஞ்சு இரண்டு எண்களில் இருக்கிறது. ஹாவர்த்தில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8. பிறந்தவர்களில் 41.6 சதவீதம் பேர் ஆறு வயதை எட்டவில்லை. லண்டனின் மிக நெருக்கடியான, மிக ஏழைப் பகுதிகளில் எந்த அளவோ அதே அளவு, இந்த மலைக்காற்றில்.

25.8 என்றால் எல்லாரும் இருபத்தைந்தில் செத்துப்போனார்கள் என்று பொருள் அல்ல. குழந்தைச் சாவுகள் சராசரியைக் கீழே இழுக்கின்றன. பிள்ளைப்பருவம் தாண்டியவர்களில் எண்பது கண்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் ஐந்து பிள்ளை பிறந்தால் இரண்டை மண்ணுக்குக் கொடுப்பது வழக்கம் என்றே அந்தத் தாய்மார்கள் நினைத்திருப்பார்கள். அதை வழக்கம் என்று ஏற்க மறுத்து மனு எழுதியவர் யார் என்பதை நாளை எழுதுகிறேன். அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.

ஞாயிறு

காலையில் தேவாலய மணி அடித்தது. வழிபாடு முடியும்வரை வெளியே கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம்.

இப்படி ஒரு கல்லறைத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து நிற்கும் கற்கள் குறைவு. மேசை போலவும் பலகை போலவும் படுத்துக் கிடப்பவை அதிகம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தரையையே மூடிவிடுகின்றன. பாபேஜ் வந்தபோது, அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் மட்டும் இங்கே 1,344 பேர் புதைக்கப்பட்டிருந்தனர். மண்ணைக் கல்லால் மூடிவிட்டதால் புல்லும் செடியும் வளரவில்லை, உடல்கள் மக்கவும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். இப்போது தலைக்கு மேலே கூரை போல நிற்கும் பெரிய மரங்கள் அன்று கிடையாது. 1864இல் நட்டவை. மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, அடியில் இருப்பது மக்க வழி செய்யட்டும் என்று.

கற்களில் எழுத்து தேய்ந்திருக்கிறது. குனிந்து படித்தோம். கணவன், மனைவி, கீழே பிள்ளைகளின் பட்டியல். வயதை ஆண்டில் எழுதாமல் மாதத்தில் எழுதியிருப்பவை எத்தனையோ. ஒரே பெயரை இறந்த பிள்ளைக்கும் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் வைத்திருக்கிறார்கள். சில கற்களில் பட்டியல் நீண்டுபோய்க் கடைசி வரிகளைப் பொடி எழுத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார் கல்தச்சர். அக்கா மகன் கொஞ்ச நேரத்தில் படிப்பதை நிறுத்திவிட்டான். "போதும் மாமா" என்றான்.

தோட்டத்தின் மேற்கோரத்தில், சுவரை ஒட்டி, பாதிரியார் வீடு. 1779 வாக்கில் கட்டியது. இரண்டு அடுக்கு, ஐந்து ஜன்னல் முகப்பு. வலப்பக்கச் சிறகு பின்னால் சேர்த்தது. இப்போது அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் வலப்புறம் பேட்ரிக் பிரான்டேயின் படிப்பறை, இடப்புறம் சகோதரிகள் மூவரும் இரவில் மேசையைச் சுற்றி நடந்தபடி கதை பேசிய உணவறை. கூட்டம் எல்லாம் இடப்புறம் நின்றது. நான் வலப்புறம் நின்றேன்.

பேட்ரிக் 1777இல் அயர்லாந்தில் டவுன் கவுண்டியில் பிறந்தவர். ஏழை வீட்டின் பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தன் முயற்சியில் படித்து 1802இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். 1820இல் மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் இந்த ஊருக்குப் பாதிரியாராக வந்தார். மறு ஆண்டே மனைவி இறந்தார். 1825இல் மரியா, எலிசபெத் என்ற மூத்த பெண்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் பிடித்த நோயோடு வீடு திரும்பி இறந்தார்கள். ஒருத்திக்கு 11 வயது, இன்னொருத்திக்கு 10.

இவரைக் கடுகடுத்த, விசித்திரமான கிழவராகக் காட்டும் சித்திரம் ஒன்று பரவலாக உண்டு. இறந்த சார்லட்டின் வாழ்க்கை வரலாறு 1857இல் வெளிவந்தபோது ஆரம்பித்தது அது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. 1837இல் புதிய ஏழைச் சட்டத்துக்கு எதிராக, ஏழைகளை வேலை விடுதிக்குள் அடைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு எதிராக, ஊர்க் கூட்டத்தில் நின்று பேசியவர். 1832இல் ஞாயிறு பள்ளி கட்டவைத்தவர். அந்தக் கட்டடம் இந்த வீட்டுக்கு எதிரே இன்றும் இருக்கிறது. ஆலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுத்து அங்கேதான் கிடைத்தது. 1846இல் கண்புரை முற்றிப் பார்வை போய், மான்செஸ்டரில் மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்துகொண்டு மீண்டும் பிரசங்க மேடை ஏறினார். அவரோடு அங்கே தங்கியிருந்த நாட்களில்தான் சார்லட் தன் புகழ்பெற்ற நாவலை எழுதத் தொடங்கினார்.

இனி தேதிகளைப் பாருங்கள். 1848 செப்டம்பர் 24, மகன் பிரான்வெல் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 19, எமிலி. 1849 மே 28, ஸ்கார்பரோ கடற்கரையூரில் ஆன். எட்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள். ஆன் இறந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1849 ஆகஸ்டில், 72 வயதான இந்த மனிதர் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் மனு எழுதி, ஊராரிடம் கையெழுத்து வாங்கி லண்டனுக்கு அனுப்புகிறார். ஆய்வாளர் வரத் தாமதமாகிறது. மறுபடி எழுதுகிறார். அறிக்கை வந்த பிறகும் வேலை நடக்கவில்லை. மறுபடியும் எழுதுகிறார்.

அவருடைய பிள்ளைகளை அழித்தது காசநோய். அழுக்குத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் தந்த சாவையும் அவர் அருகிலிருந்து பார்த்தவர். 1842இல் அவரிடம் துணைப் பாதிரியாராக இருந்த வில்லியம் வெயிட்மன், நோயாளிகளைப் பார்க்கப் போய் காலரா தொற்றி, 28 வயதில் இறந்தார். ஊர் முழுக்க விரும்பிய இளைஞர். ஊரார் பணம் போட்டு வைத்த நினைவுப் பலகை தேவாலயச் சுவரில் இருக்கிறது. பிள்ளையைப் போன்றவன் என்று அவரைப் பற்றி இரங்கல் உரை நிகழ்த்தினார் பேட்ரிக்.

இரவு அறையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். பேட்ரிக்கின் ஆறு பிள்ளைகள்: மரியா 11, எலிசபெத் 10, பிரான்வெல் 31, எமிலி 30, ஆன் 29, சார்லட் 38. கூட்டி ஆறால் வகுத்தால் 24.8 வருகிறது. பாபேஜ் ஊருக்குச் சொன்ன எண் 25.8. இலக்கிய உலகம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மேதைக் குடும்பத்தின் தனிப்பெரும் சோகமாகப் பேசிவருவது, இந்தத் தெருவில் கம்பளி சீவியவன் வீட்டிலும் கல் உடைத்தவன் வீட்டிலும் நடந்த அதே கதைதான். அவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் எழுதவில்லை. வேறுபாடு அவ்வளவே.

திங்கள்

பொட்டல்வெளிக்குப் போனோம். ஊருக்குப் பின்னால் பெனிஸ்டோன் மேடு. இப்போது ஹெதர் என்ற புதர்ச்செடி பூக்கும் பருவம், மேடு முழுவதும் ஊதா. ஆனால் தரை எங்கும் குழியும் சரிவும். எல்லாம் பழைய கல்லுடைப்புக் குழிகள். ஆலையும் தேவாலயமும் வீடும் கல்லறைப் பலகையும் கட்டிய கல் இங்கிருந்து வெட்டியது. விக்டோரியா காலத்தில் இந்த மேட்டில் இரைச்சலுக்குக் குறைவு இருந்திருக்காது.

அருவியைத் தாண்டி டாப் விதென்ஸ் வரை நடந்தால் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலத்தோடு ஜப்பானிய மொழியும் இருக்கிறது. அத்தனை பேர் ஜப்பானிலிருந்து வருகிறார்கள். மேட்டின் உச்சியில் கூரையில்லாத பண்ணை வீடு, பக்கத்தில் இரண்டு மரங்கள். எமிலியின் நாவலில் வரும் வீடு இதுதான் என்று நம்பி வருகிறார்கள். சுவரில் பதித்த பலகையோ, இந்தக் கட்டடத்துக்கும் அவர் வருணித்த வீட்டுக்கும் ஒற்றுமை இல்லை, இருப்பிடம் வேண்டுமானால் அவர் மனத்தில் இருந்திருக்கலாம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. 1964இல் பிரான்டே சங்கம் வைத்தது.

நாவலை மறந்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வீட்டுக்குச் சொந்தக் கதை உண்டு. இத்தகைய மேட்டுப் பண்ணைகளில் சில ஆடு, ஒன்றிரண்டு மாடு, கொஞ்சம் ஓட்ஸ் மட்டும்தான் தேறும். அது போதாது. அதனால் வீட்டுக்குள் தறி. முடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு இறங்குவார்கள். பள்ளத்தாக்கில் ஆற்றோரம் ஆலைகள் பெருகப் பெருக வீட்டுத் தறி செத்தது. பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி எட்டு வயதிலேயே வேலைக்குச் சேர்க்கலாம். பதின்மூன்று வரை பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளிக்கூடம். நாளுக்கு ஆறரை மணி நேரம் இயந்திரத்தடியில் ஊர்ந்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை பெஞ்சில் தூங்கிவிழாமல் என்ன செய்யும்? மேட்டுப் பண்ணைகள் ஒவ்வொன்றாக ஆளில்லாமல் போயின.

திரும்பும் வழியில் பள்ளத்தில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று தெரிந்தது. லோயர் லெய்த். 1925இல் முடித்தது. பேட்ரிக் கேட்டதற்குப் பல பத்தாண்டுகள் பின்னால் வந்தது. ஹாவர்த்துக்கு முதலில் கிடைத்தது சிறிய தேக்கம்தான், அதுவும் அறிக்கைக்குப் பிறகு வருஷக்கணக்காக இழுத்தடித்து.

ஏன் அத்தனை இழுபறி? காரணம் வரி. குழாயும் சாக்கடையும் போட்டால் அதன் செலவு சொத்து வைத்திருப்பவர் தலையில் விழும். சொந்த ஊற்று உள்ள பண்ணைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும், எங்களுக்குத் தண்ணீர் இருக்கிறது, எங்களை அந்த எல்லைக்குள் சேர்க்காதீர்கள் என்று எதிர்த்தார்கள். வரி கட்டுபவனுக்குத்தான் வாக்கு. வாளியோடு இரவு வரிசையில் நின்றவளுக்கு வாக்கு கிடையாது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1850இல் பாபேஜுக்கும் சரி, லண்டன் வாரியத்துக்கும் சரி, நோய்க்கிருமி என்றால் என்னவென்று தெரியாது. அழுகலில் இருந்து எழும் கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பினார்கள். லண்டனில் ஜான் ஸ்னோ, பிராட் தெரு அடிபம்பையும் காலராவையும் முடிச்சுப் போட்டது 1854இல்தான். காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, மருந்தைச் சரியாகச் சொன்னார் பாபேஜ்: மூடிய சாக்கடை போடு, கழிவை அகற்று, மேட்டு ஊற்றைக் குழாயில் இறக்கு, நிரம்பிவிட்ட கல்லறைத் தோட்டத்தை மூடு. முழு அறிவு வரும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் எத்தனை கல்லில் பொடி எழுத்து வெட்ட வேண்டியிருந்திருக்கும்.

செவ்வாய்

பெட்டி கட்டிவிட்டு, புறப்படுமுன் மறுபடி தேவாலயத்துக்குள் போனேன். பேட்ரிக் பிரசங்கம் செய்த கட்டடம் இது இல்லை. அவருக்குப் பின் வந்த ஜான் வேட், 1879இல் பழையதை இடித்துவிட்டார். இப்போது இருப்பது 1881இல் திறந்தது. கோபுரம் மட்டும் பழையது. செலவில் பெரும்பங்கு ஊர் ஆலை முதலாளிகளான மெரால் குடும்பத்தினுடையது. பிரான்டே குடும்பம் உட்கார்ந்த இருக்கையை இடிக்கிறார்களே என்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. வேட் அசையவில்லை. எனக்கு இதில் இரண்டு மனம். பழைய கட்டடம் போனது இழப்புதான். ஆனால் ஈரம் ஊறிய, காற்றோட்டம் இல்லாத தரைக்கு அடியில் பிணக்குழிகளோடு இருந்த கூடத்தில் வாரம்தோறும் போய் உட்கார வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள், பயணிகள் அல்ல.

பேட்ரிக் 1861 ஜூன் 7 அன்று 84 வயதில் இறந்தார். ஆறு பிள்ளைகளையும் வழியனுப்பிய பிறகு. கடைசிப் பிள்ளை சார்லட் 1855 மார்ச் 31 அன்று, மணமாகி ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், கர்ப்பிணியாக இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் முப்பது ஆண்டுகள் அந்தக் குடும்பத்தைச் சோறு போட்டுக் காத்த தாபித்தா அய்க்ராய்டு போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு அவர் தாபி. வீட்டுத் தோட்டச் சுவரை ஒட்டிய அவர் கல்லை அருங்காட்சியக வரிசையில் நிற்பவர்கள் தவறவிடாமல் பார்க்க வேண்டும். தேவாலயத்துக்குள் பெரிய பித்தளைப் பலகை இருப்பது எசமானர்களுக்கு. வெளியே மழையில் நிற்பது இவர் கல்.

நிலையத்துக்கு இறங்கும்போது ஊரின் இன்னொரு பாதி தெரிந்தது. பயணிகள் இதைக் கவனிப்பதில்லை. 1867இல் ரயில் வந்தது. ஜான் மக்லாண்ட்ஸ்பரோ என்ற பொறியாளர், சார்லட்டின் ஊரைப் பார்க்க 1861இல் வந்தவர், இத்தனை ஆலை இருக்கும் இடத்துக்கு ரயில் இல்லையா என்று வியந்து திட்டம் தீட்டினார். ஆலை முதலாளிகள் பங்கு வாங்கினார்கள். நிலக்கரி மேலே வந்தது, துணி கீழே போனது. ஊரின் எடை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நகர்ந்தது. பிரிட்ஜ்ஹவுஸ் ஆலையைச் சுற்றி நேர்க்கோட்டுத் தெருக்களும் வரிசை வீடுகளும் எழுந்தன. அழகு குறைவான தெருக்கள்தான், யாரும் நின்று படம் எடுப்பதில்லை. ஆனால் இங்கேதான் தொழிலாளி வீட்டுக்குப் பின்கட்டும் தனிக் கழிப்பிடமும் குழாயும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தன. மேலே உள்ள தெருவை ரசித்த கையோடு இவற்றையும் நின்று பாருங்கள் என்பேன்.

நடைமேடையில் சீட்டுக் கொடுத்த பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சம்பளம் இல்லாமல் வாரத்தில் ஒரு நாள் வருகிறாராம். 1962இல் அரசு இந்தத் தடத்தை மூடிவிட்டது. ஊர்க்காரர்களும் ரயில் அன்பர்களும் சங்கம் வைத்து, தடத்தையே விலைக்கு வாங்கி, 1968 ஜூன் 29 முதல் தாங்களே ஓட்டுகிறார்கள். அக்கா மகன் அவரிடம் தன்னார்வலராகச் சேர விண்ணப்பம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்து சால்டேர் போகிறோம், கீத்லியிலிருந்து லீட்ஸ் போகும் வழியில்தான். பாபேஜ் அறிக்கை வந்து மூன்றே ஆண்டில், 1853இல், டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி அங்கே தன் ஆலையைத் திறந்து, தொழிலாளிகளுக்குப் புது ஊரே கட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பிடம். அந்த ஆலையைப் பின்னாளில் நடத்திய ஜேம்ஸ் ராபர்ட்ஸ், ஹாவர்த் பக்கத்தில் பிறந்து சிறுவயதிலேயே ஆலைக்குப் போனவர். பாதிரியார் வீட்டை 1928இல் விலைக்கு வாங்கி அருங்காட்சியகமாக்கக் கொடுத்தவரும் அவரே. ஹாவர்த்தில் வாளியோடு காத்திருந்த அதே காலத்தில் இருபது கிலோமீட்டருக்குள் அது எப்படிச் சாத்தியமானது, சால்ட் அதற்குத் தொழிலாளிகளிடம் என்ன நிபந்தனை போட்டார் என்பதை அங்கே தெருத் தெருவாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.